கழுவாத துகள்

வீட்டில் அவளுக்கு விஞ்ஞானி என்றுதான் பெயர். வைத்தவள் நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. குக்கர் ஏன் விசிலடிக்கிறது என்று விளக்கிக்கொண்டே சோற்றைக் குழையவிட்டவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நாத்தனாருக்கும் ஒரு பெயர் உண்டு. வாலு. சின்ன வயதில் அண்ணன் வைத்தது, கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாலு பிளாஸ்டிக் சாக்கு நெய்யும் ஆலையில், சாக்கை அளவு பார்த்து வெட்டும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளைத் தூசியாக இருக்கும். "இருமினா நூலா வருது அண்ணி, சேத்து வெச்சா ஒரு சட்டை தச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

விஞ்ஞானிக்கு வேலை ஆராய்ச்சிக்கூடத்தில். வயிற்றில் தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே இருந்துகொண்டு, சாப்பாட்டை உள்ளே விட்டு வேண்டாததை வெளியே நிறுத்தப் பார்க்கிற நஞ்சுக்கொடி இருக்கிறதே, அதன் செல்களை அவள் தட்டில் வளர்க்கிறாள். வளர்த்து, அவற்றின் மேல் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் மணிகளை ஊற்றி, என்ன ஆகிறது என்று பார்க்கிறாள். கேட்கக் கொடுமையாக இருந்தாலும் அவசியமான வேலை. குடிக்கிற தண்ணீரில், இழுக்கிற மூச்சில், பிரசவத்துக்குப் பிறகு எடுத்த நஞ்சுக்கொடியில்கூட இந்த மாதிரித் துகள்களைப் பார்த்திருக்கிறார்கள். இருப்பது தெரியும். இருந்து என்ன செய்கிறது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

அன்று காலை அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஏக குஷியில் இருந்தாள். மதியம் பெரிய கூட்டம். வெளியிலிருந்து நிபுணர்களும் பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். மேடம் மேடையில் பேசுவார், பின்னால் திரையில் விஞ்ஞானி எடுத்த படம் ஓடும். பச்சையாக ஒளிரும் பொடிப்பொடி மணிகள் செல்லைச் சூழும், உள்ளே நுழையும், கொஞ்ச நேரத்தில் செல் உப்பிச் சுருண்டு தட்டிலிருந்து கழன்று மிதக்கும். பார்த்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டபோதுகூட, இருப்புக்கொள்ளாமல், கைபேசியில் அதைப் போட்டுக் காட்டியிருந்தாள். "பாத்தீங்களா? மணி பெருசா இருந்தப்போ செல்லுக்கு ஒண்ணும் ஆகல. பொடிசானதும் பாருங்க, ஒண்ணு மிச்சமில்ல. இதை உலகத்துக்கே நாமதான் முதல்ல சொல்லப் போறோம்!" புருஷன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். வாலு மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அவள் கிண்டல் செய்யாததை யாராவது கவனித்தார்களா? இல்லை. விஞ்ஞானிக்கு அன்று தன் படத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கூட்டத்துக்கு முன் பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. படங்களை வரிசையாக அடுக்கியதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. மேடத்துக்கு அது உறுத்தியது. "அங்க ஏதாவது ஒரு கண்ட்ரோல் போட்டு நிரப்பும்மா, பல்லு போன வாய் மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தார். கண்ட்ரோல் என்றால் மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற வரிசை. விஞ்ஞானியும் ஒப்புக்குத்தான் அதைச் செய்தாள். பொடி மணிகள் மிதந்து வந்த புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, மணி ஒன்றுகூடப் போகாதபடி வடிகட்டி, மிஞ்சிய நீரை மட்டும் ஒரு வரிசைச் செல்களுக்கு ஊற்றி வைத்திருந்தாள். மணியில்லாத வெறும் நீர்தானே, செல்கள் கொழுகொழுவென்று இருக்கும், படம் பிடித்து ஒட்டிவிட்டுப் போய் ஒரு டீ குடிக்கலாம் என்று நினைப்பு.

தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துக் குனிந்தாள்.

அந்த வரிசை முழுக்கச் செத்துக் கிடந்தது.

தட்டைப் பக்கம் மாற்றி வைத்து வேறு வரிசையைப் பார்க்கிறோமோ என்று எடுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் வைத்திருந்தாள். பச்சை ஒளி காட்டும் விளக்கைப் போட்டாள். எங்கும் இருட்டு, ஒரு புள்ளி பச்சை இல்லை. அதாவது மணியே இல்லை. மணியே இல்லாத இடத்தில், திரையில் ஓடப்போகிற அதே மாதிரி, உப்பிச் சுருண்டு கழன்று மிதந்தன செல்கள். பக்கத்து வரிசையில் வெறும் தண்ணீர் ஊற்றிய செல்கள் தேமே என்று வாழ்ந்துகொண்டிருந்தன.

எது கொன்றது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்த வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பெரிய மணிகள் வந்த பழைய புட்டியில் இருந்தது சுத்தமான தண்ணீர், அதை அப்படியே ஊற்றலாம். பொடி மணிகள் வேறொரு இடத்திலிருந்து வந்தவை. புட்டிக்குள் கிருமி வளராமல் இருக்க மருந்து கலந்து அனுப்புகிறார்கள். அதை மெல்லிய சவ்வுப் பையில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மருந்து போகக் கழுவிய பிறகுதான் செல்லின் மேல் ஊற்ற வேண்டும். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் கை பழைய பழக்கத்தில் புட்டியைத் திறந்தது, அப்படியே ஊற்றிவிட்டது. ஒப்பிட வைத்த வரிசைக்கோ சுத்தமான தண்ணீர். மருந்து ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். மருந்து பட்ட பக்கம் சாகாமல் என்ன செய்யும்? பொடிசாக ஆக ஆக விஷம் ஏறுகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது. வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த புருஷன்.

"வாலு உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன சொன்னாளா?"

"அவ முழுகாம இருக்காளாம். ரெண்டு மாசம். நம்ம யார்கிட்டயும் மூச்சு விடல. போன தடவை ஊருக்கெல்லாம் சொல்லி, அப்புறம் அதே ஆளுங்க துக்கம் கேக்க வந்தாங்கல்ல, அதுக்குப் பயந்துட்டு."

போன தடவை என்பது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஆறாம் மாதத்திலேயே வெளியே வந்த குழந்தை. மூச்சு விடவே இல்லை. அதற்குப் பிறகு வாலு சிரிக்கத் தொடங்க ஒரு வருஷம் ஆனது.

"நல்ல விஷயம்தானே? ஏன் குரல் இப்படி இருக்கு?"

"கேளு. இப்போ அதைக் கலைக்கப் போயிருக்கா. 'திட்டாதே அண்ணா, முடிவு பண்ணிட்டேன்'னு இப்பத்தான் மெசேஜ் போட்டா. போன் பண்ணா அணைச்சு வெச்சிருக்கா. மாப்பிள்ளை கப்பல்ல இருக்காரு, உன் இஷ்டம்னு சொல்லிட்டாராம். மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற லேடீஸ் ஆஸ்பத்திரின்னு அதுல போட்டிருக்கா. நான் இங்கிருந்து வர சாயங்காலம் ஆயிடும்." சற்று நிறுத்தினான். "நீ ஞாயித்துக்கிழமை காமிச்சியே, அந்தப் படம். 'ஒன்பது வருஷமா அந்தத் தூசியைத்தான் மூச்சா இழுத்துட்டிருக்கேன், என் உள்ளே எல்லாம் வெடிச்சுட்டிருக்கு'ன்னு எழுதியிருக்கா."

விஞ்ஞானி நாற்காலியிலிருந்து எழுந்தாள். எதிரே மைக்ரோஸ்கோப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடிப் பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நான் போறேன்" என்றாள். "அந்தப் படம் தப்பு."

"என்னது?"

"தப்புங்க. அப்புறம் சொல்றேன்."

மேல்கோட்டைக் கழற்றியபடி திரும்பினால் கதவில் மேடம் நிற்கிறார். மேடைக்கென்று நல்ல உடையில், தலை வாரி, கண்ணாடியைத் துடைத்தபடி. "கட்டம் நிரம்பிச்சா?" என்றார்.

"நிரம்பிச்சு. நீங்களே பாருங்க மேடம்."

மேடம் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார், பச்சை விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர், ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மணியைக் கழுவலையா நீ?"

"இல்லை மேடம்."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட. எல்லாமே அதே புட்டியிலேருந்து."

மேடம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "நல்லா இருக்கிற ஒண்ணைப் போட்டு நிரப்பச் சொன்னேன். நீ என் தலையிலேயே கல்லைப் போட்டுட்டே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "சரி. துகள் உள்ளே போறதாவது நிஜமா?"

"அதுவும் இப்போ நிச்சயமில்ல. மணியோட பச்சைச் சாயம் மட்டும் கசிஞ்சு உள்ளே போனாலும் பச்சையாத்தான் தெரியும். திரும்பப் போட்டுப் பாக்கணும்."

"கழுவிப் போட்டாலும் இதே முடிவு வரலாம்ல?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"அப்போ இன்னைக்குக் கூட்டம் நடக்கட்டும். மெதுவா திருத்திக்கலாம். யோசிச்சுப் பாரு, ஜனங்க கொஞ்சம் பயந்தா நல்லதுதானே? நாலு பேரு பிளாஸ்டிக்கைக் கீழே வெப்பாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

நேற்று இதைக் கேட்டிருந்தால் விஞ்ஞானி தலையாட்டியிருப்பாள். சத்தியமாகத் தலையாட்டியிருப்பாள். இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க வீட்டுல ஒருத்தி பயந்துட்டா மேடம். என் நாத்தனார். இந்தப் படத்தைப் பார்த்துட்டு வயித்துல இருக்கிறதைக் கலைக்கப் போயிருக்கா. நான் இப்போ போகணும்."

"படத்தைப் போடாதீங்க" என்றாள் விஞ்ஞானி. "போட்டீங்கன்னா, அது தப்புன்னு வந்தவங்க அத்தனை பேருக்கும் நானே சொல்லிடுவேன்." இத்தனை வருஷத்தில் மேடத்தின் முன்னால் அவள் குரல் இவ்வளவு உயர்ந்ததில்லை. பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை.

வாடகை வண்டி கிடைத்தது, ஆனால் தெரு கிடைக்கவில்லை. மார்க்கெட் பக்கம் போகிற சாலையை நடுவில் தோண்டிப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு லாரி, அதற்கும் முன்னால் பள்ளிக்கூட வண்டி. ஓட்டுநர் கையை வெளியே விட்டு வானத்தைத் திட்டினார். விஞ்ஞானி வாலுவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். அணைக்கப்பட்டிருக்கிறது, அணைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் குரல் கொஞ்சமும் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சுலபமான வழி ஒன்று இருந்தது. 'ஒண்ணும் ஆகாது வாலு, குழந்தை நல்லா பிறக்கும், எழுந்து வா.' அவ்வளவுதான். விஞ்ஞானி அண்ணி சொன்னால் வாலு நம்புவாள். ஞாயிற்றுக்கிழமை நம்பியதால்தானே இன்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாள்? ஒரு வார்த்தையில் கெடுத்ததை ஒரு வார்த்தையில் சரி செய்துவிடலாம். ஆனால் ஆகாது என்று எதை வைத்துச் சொல்வது? அந்தத் தூசி ஒன்றும் செய்யாது என்று எந்தத் தட்டு சொன்னது? செத்தது மருந்தால் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவே. தூசி நல்லது என்று ஆகிவிடவில்லையே. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால்? ஆறாம் மாதத்தில் மறுபடியும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தால், அப்போது வாலுவின் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் சொல்லாவிட்டால் பிள்ளையே இன்றைக்குப் போய்விடுமே!

"அண்ணே, இறக்கி விடுங்க, நான் நடந்து போயிடறேன்."

"நடந்தா முன்னாடியே போயிடலாம்மா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் ஓட்டுநர். நடக்கவில்லை, பிடரியில் கால்பட ஓடினாள். காய்கறிக் கூடைகளைத் தாண்டி, சைக்கிளில் இடித்து, யாரோ திட்டியதைக் காதில் வாங்காமல், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் சாவகாசமாகக் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானி மூச்சு வாங்க நாத்தனாரின் பெயரைச் சொன்னாள்.

"அவங்க உள்ளே போயாச்சே. டாக்டர் பாத்துட்டாங்க. மாத்திரை கொடுக்கிற ரூம்ல இருப்பாங்க."

"எந்த ரூம்?"

"நீங்க யாரு? கூட வந்தவங்களா? இங்க உக்காருங்க, அவங்களே..."

உட்காருவதாவது! நடைக்கூடம் நெடுகக் கதவுகள். ஒன்றைத் திறந்தாள், யாரோ கத்தினார்கள். இன்னொன்றைத் திறந்தாள், துணி அடுக்கிய அலமாரி. கடைசிக் கதவைத் தள்ளியபோது வாலு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வெள்ளுடை நர்ஸ். வாலுவின் வலது உள்ளங்கையில் ஒற்றை மாத்திரை, இடது கையில் தண்ணீர்க் கோப்பை.

"அதை முழுங்காதே!"

நர்ஸ் திடுக்கிட்டு எழுந்தார். "யாரும்மா நீங்க? வெளியே போங்க முதல்ல."

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் வாலு. "எங்க அண்ணி." அவள் முகம் அழுது முடித்து வற்றிய முகமாக இருந்தது. "அண்ணன் சொல்லிட்டானா? ஓட்டை வாயன். சண்டை போட வந்திருந்தா வேண்டாம் அண்ணி. எனக்குத் தெம்பில்ல."

"அந்தப் படம் தப்பு வாலு."

"எது?"

"நான் காமிச்ச படம். செல்லு செத்தது பிளாஸ்டிக்காலன்னு சொன்னேன்ல, அது தப்பு. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சது. அந்தப் பிளாஸ்டிக் மணி கெட்டுப் போகாம இருக்கப் புட்டியில ஒரு மருந்து கலந்திருக்கும். கழுவிட்டு ஊத்தணும். நான் கழுவல. பாத்திரத்துல சோப்பு போகாமலே பாலை ஊத்திட்டு, திரிஞ்சதும் பாலைக் குத்தம் சொன்னா எப்படி இருக்கும்? அதைத்தான் செஞ்சிருக்கேன்."

வாலு மாத்திரையைக் கீழே வைக்கவில்லை. நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"கழுவலையா?" என்றாள் வாலு. "கழுவாததுக்கா?"

"ஆமா."

"நான் அஞ்சு நாளா தூங்கல அண்ணி. கண்ணை மூடினா அந்தப் பச்சைதான். பல்லு தேய்ச்சா பிரஷ் பிளாஸ்டிக், தண்ணி குடிச்சா பாட்டில் பிளாஸ்டிக், ஆலைக்குப் போனா காத்தே பிளாஸ்டிக். என் பிள்ளையை நானே ஒவ்வொரு மூச்சுலயும் கொல்றேன்னு நினைச்சேன். அது உள்ளே கொஞ்சம் கொஞ்சமா சாகிறதுக்குப் பதிலா, இன்னும் வலி தெரியாத வயசுலயே அனுப்பிடலாம்னு வந்தேன். நீங்க கழுவலையா?"

விஞ்ஞானிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "என்னை அடிச்சாலும் சரி" என்றாள்.

"அடிக்கிறதுக்கு இப்போ நேரமில்ல." வாலு கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் பிளாஸ்டிக்குதான், பாத்தீங்களா?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு குரல் மாறிவிட்டது, சின்னப் பெண் குரலாக. "சரி, சொல்லுங்க. ஒண்ணும் ஆகாதுல்ல? அந்தத் தூசியால என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணி?"

அந்தக் கேள்விக்குத்தான் விஞ்ஞானி வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். ஆகாது. ஒரே ஒரு வார்த்தை. வாய் அதைச் சொல்லத் திறந்தேவிட்டது. வாலுவின் கண்கள் அவள் உதட்டிலேயே நின்றன. சொல்லித் தொலைத்தால் என்ன? யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

"தெரியல வாலு" என்றாள்.

"தெரியலையா?"

"தெரியல. செத்தது தூசியால இல்லன்னு மட்டும்தான் இப்போ தெரியும். தூசி வேற ஏதாவது செய்யுதான்னு எனக்குத் தெரியாது. எங்க மேடத்துக்கும் தெரியாது. யாருக்கும் சரியா தெரியாது. துகள் உடம்புக்குள்ள இருக்கிறதைப் பாத்திருக்காங்க, உன் உடம்புலயும் இருக்கும், என் உடம்புலயும் இருக்கும், இந்த சிஸ்டர் உடம்புலயும் இருக்கும். அதோடதான் இத்தனை பிள்ளைங்க பிறக்குது. ஆனா உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. பண்ணணும்னுதான் ஓடி வந்தேன். முடியல."

சொல்லிவிட்டு அழுதாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். கெட்டது குடி, இந்தப் பாழாய்ப்போன உண்மையைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்றுதான் அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. ஒரு பொய் சொல்லத் துப்பில்லாமல் போய்விட்டதே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

நர்ஸ் மெதுவாகச் சொன்னார், "அம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல. முழுங்கறதும் முழுங்காததும் உங்க இஷ்டம். இன்னைக்கே ஆகணும்னும் இல்ல."

வாலு மாத்திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வாலுவின் விரல்கள் மாத்திரையின் மேல் மூடின, கை மெல்ல மேலே எழுந்தது. எழுந்த கை வாயைத் தாண்டி நெற்றிக்குப் போய், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்கு இறங்கியது. நர்ஸின் தட்டில் மாத்திரையை வைத்தாள். தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்து முடித்தாள்.

"இதை எடுத்து வெச்சிடுங்க சிஸ்டர். வேண்டாம்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"அஞ்சு நாளா யோசிச்சேன். யோசிச்சதெல்லாம் தப்பா இருந்துது." எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "குழந்தைக்குத் துடிப்பு வந்திருக்கான்னு பாக்கிற ஸ்கேன் எங்க எடுக்கிறாங்க?"

"மாடியில. ஆனா இன்னைக்கு டோக்கன் முடிஞ்சிருக்கும், நாளைக்குக் காலையில வாங்க."

"வரேன்."

விஞ்ஞானி அவள் கையைப் பிடிக்கப் போனாள். வாலு கையை இழுத்துக்கொண்டாள். அதில் கோபத்தைவிட மோசமான ஏதோ ஒன்று இருந்தது. நடைக்கூடத்துக்கு வந்து, யாரும் இல்லாத ஜன்னலோரம் வந்த பிறகுதான் திரும்பினாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க அண்ணி. நான் இங்க வந்தது உங்க பேச்சை நம்பி. திரும்பிப் போறது உங்க பேச்சை நம்பி இல்ல. அது வேற."

"வாலு..."

"ஆகாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, முழுங்கியிருப்பேன். சத்தியமா. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு, என்னை ஏமாத்தறாங்கன்னு முழுங்கியிருப்பேன். தெரியாதுன்னீங்க. சரி, உலகத்துல யாருக்கும் தெரியாத ஒண்ணுக்காக நான் எதுக்கு என் பிள்ளையைக் கொல்லணும்? அது வரட்டும். வந்தா பாத்துக்கறேன். வராட்டி அழுதுக்கறேன், எனக்கு அழத் தெரியும்." குரல் உடைந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நாளைக்கு நீங்க வந்து துகள் நல்லதுன்னாலும் சரி, கெட்டதுன்னாலும் சரி, என்கிட்ட சொல்லாதீங்க. என் வயித்தைப் பத்தி இனிமே நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. உங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு அண்ணி."

கிண்டல் இல்லை. விஞ்ஞானி என்றுகூடக் கூப்பிடவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது, அது போதும், வேறென்ன வேண்டும் என்று விஞ்ஞானி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். போதவில்லை. பைக்குள் கைபேசி அதிர்ந்தது. திரையில் மேடத்தின் பெயர். எடுக்காமல் உள்ளே தள்ளினாள்.

வாலு வாசலை நோக்கி நடந்தாள். வெயிலில் இறங்குவதற்கு முன் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"வீடு வரைக்கும் நானும் வரட்டுமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் விஞ்ஞானி.

வாலு நிற்காமல் நடந்துகொண்டே பதில் சொன்னாள்.

"வாங்க. ஆனா பேசாம வாங்க."